தடுமாறும் குதிரை: நோய் எங்கே இருக்கிறது?

பின்னங்காலை இழுத்து நடக்கும் குதிரையைப் பார்த்ததும் நம் பக்கத்தில் முதலில் ஆள் அனுப்புவது லாடம் அடிப்பவருக்குத்தான். அவர் குளம்பைத் தட்டிப் பார்ப்பார், ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிப்பார். அதிலும் சரியாகவில்லை என்றால் இடுப்பில் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம். இதற்குள் நான்கைந்து நாள் ஓடிவிடும். சாதாரணக் கால்நோவுக்கு அந்த நாலு நாளால் பெரிய நஷ்டம் இல்லை. மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு என்றால் குதிரை பிழைப்பதும் சாவதும் அந்த நாட்களில்தான் முடிவாகிறது. சில நோய்களில் அதைப் பிடித்துக் கட்டியவர், தண்ணீர் காட்டியவர் உயிரும் சேர்ந்து ஆபத்துக்குள்ளாகிறது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகள், மெரினா மணலில் ஓடும் மட்டக்குதிரைகள், ரேக்ளா வண்டிக் குதிரைகள், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் குதிரைகள், இவற்றை வைத்துப் பிழைப்பவர்களை மனதில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து கொடுப்பதும் கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் அவர் வந்து பார்ப்பது அரை மணி நேரம். குதிரையோடு நாள் முழுக்க இருப்பவர் நீங்கள். எந்தக் கால் முதலில் தடுமாறியது, காய்ச்சல் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, புதுத் தீவனம் என்று மாற்றினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நரம்பு நோயில் பாதி கண்டுபிடிப்பு இந்த விவரங்களில் இருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

தடுமாற்றம், விழுங்க முடியாமை, திடீரென்று குணம் மாறுவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும், வேறு நோய்தான் என்று உறுதியாகும்வரை அதை வெறிநோய் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். இதை மிகையான பயம் என்று நினைக்க வேண்டாம். தெருநாய்கள் நிறைந்த ஊரில் லாயம் நடத்துகிற எல்லோருக்கும் இது முதல் விதி.

குதிரைக்கு வரும் வெறிநோய் எப்போதும் வெறியோடு வருவதில்லை. ஒரு காலில் நொண்டலாகத் தொடங்கலாம். வயிற்றுவலி வந்ததுபோலப் புரண்டு எழலாம். பின்பகுதி தளர்ந்து நாய் உட்காருவதுபோல் உட்காரலாம். எப்போதோ நாய் கடித்து ஆறிப்போன இடத்தையே மறுபடி மறுபடி கடித்து ரணமாக்கலாம். எதுவுமே செய்யாமல் மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கவும் செய்யும். அறிகுறி தொடங்கிவிட்டால் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. உயிரோடிருக்கும் குதிரையில் இதை நம்பகமாக உறுதி செய்ய வழியில்லை. இறந்தபின் மூளையிலிருந்து எடுக்கும் திசுவைத்தான் ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மனிதர்கள் மாட்டிக்கொள்வது எப்படி என்று பாருங்கள். குதிரை எச்சில் ஒழுக நிற்கிறது, மென்ற தீவனம் வாயிலிருந்து கீழே விழுகிறது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வெறும் கையை வாய்க்குள் விட்டுத் துழாவுகிறார்கள். கையில் லாட ஆணி கீறிய காயம் ஒன்றாவது இருக்கும். ஆகவே விழுங்க முடியாத குதிரையின் வாயில் கையுறை இல்லாமல் யாரும் கை விடக்கூடாது. மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றுவதும் கூடாது. விழுங்கத் தெரியாத குதிரைக்கு ஊற்றியது நுரையீரலுக்குள் போய், மூல நோய்க்கு முன்னால் அதுவே கொன்றுவிடும். எச்சில் பட்டவர்கள் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குதிரையைத் தனியாகக் கட்டி, தொட்டவர்கள் பெயரை எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சவாரிக்கு வந்த குழந்தைகள் அதன் முகத்தைத் தடவிக்கொடுத்திருந்தால் அவர்களையும் சேர்த்து.

நொண்டலா, தடுமாற்றமா

நொண்டும் குதிரை ஒழுங்காக நொண்டும். வலிக்கிற கால் தரையில் படும்போதெல்லாம் தலை ஒரே மாதிரி மேலே போகும், காலடிச் சத்தம் ஒரே தாளத்தில் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே அடுத்த அடி எப்படி விழும் என்று சொல்லிவிடலாம். நரம்புக் கோளாறு உள்ள குதிரையின் நடையில் இந்த ஒழுங்கு இருக்காது. ஒரு அடி நீளம், அடுத்தது குட்டை. ஒருமுறை குளம்பு நேராக விழும், அடுத்தமுறை உள்பக்கம் குறுக்கே விழுந்து மறுகாலில் இடிக்கும். தன் கால் எங்கே இருக்கிறது என்பது அதற்கே தெரியவில்லை. வலியைக் காட்டும் நடைக்கும் தன் காலைத் தொலைத்துவிட்ட நடைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

நேராக நடக்கவிட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. லேசான கோளாறை நேர்நடையில் குதிரை மறைத்துவிடும். சமதளத்தில், பழக்கமான ஆள் தலைக்கயிற்றைப் பிடிக்க, ஒரு சிறு வட்டத்தில் சுற்றவிடுங்கள். வட்டம் சின்னதாக ஆக, வெளிப்பக்கப் பின்னங்காலைக் கவனியுங்கள். நல்ல குதிரை அதை அளவாகத் தூக்கி, உள்காலுக்கு முன்னால் வைத்துத் திரும்பும். கோளாறுள்ள குதிரையில் அந்தக் கால் வெளியே அகலமாக வீசிக்கொண்டு போய், ஒரு கணம் காற்றில் தயங்கி, எங்கேயோ விழும். உள்பக்கக் கால் தூக்கப்படாமலே தரையில் ஆணி அடித்ததுபோல் நின்று குளம்பு மட்டும் திருகும். வட்டத்தை நிறுத்தியதும் கால்களை எப்படி வைத்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, அது தப்பு என்றே தெரியாமல் நின்றுகொண்டிருக்கும் குதிரைக்கு நரம்பில்தான் கோளாறு என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

பிறகு பின்னோக்கி நடத்துங்கள். குளம்பு நுனி மண்ணைக் கீறிக்கொண்டு போகிறதா? ஒரு சரிவில் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து இறக்குங்கள். முன்னங்கால் மரக்கட்டைபோல் விறைத்து மிதந்து விழுகிறதா? கடைசியாக, குதிரை நடந்துகொண்டிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து வாலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். நல்ல குதிரை உடனே எதிர்த்து இழுக்கும். வலுவிழந்த குதிரை இழுத்த பக்கமே சாயும். உதைபடாத தூரத்தில் நின்று செய்யத் தெரிந்தவர்தான் இதைச் செய்யலாம். நேர்நடையிலேயே விழப்போகிற குதிரையிடம் இந்தச் சோதனைகள் எதுவுமே வேண்டாம். அது மனிதர் மேல் விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது.

பின்னங்குளம்புகளின் முன்நுனி தேய்ந்து மழுங்கியிருந்தால், இந்தக் கோளாறு நேற்று வந்ததில்லை என்று தெரிந்துகொள்ளலாம். குளம்பு இவ்வளவு தேய வாரக்கணக்கில் இழுபட்டிருக்க வேண்டும்.

மருத்துவர்கள் தடுமாற்றத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 0 என்றால் கோளாறே இல்லை. 1 என்றால் சுற்றவிட்டால் மட்டும் தெரியும். 5 என்றால் எழ முடியாமல் கிடக்கிறது. இன்று 2, நாளை 3 என்று போனால் அந்த வேகமே ஒரு தகவல். கைபேசியில் தினமும் ஒரே இடத்தில், ஒரே பக்கத்திலிருந்து நடையைப் படம் எடுத்து வைத்தால் இந்த வேகத்தை மருத்துவருக்குக் காட்டிவிடலாம். அவர் வருவதற்கு முன் வலி மருந்தோ ஸ்டீராய்டு ஊசியோ போட்டுவிட்டால் காய்ச்சலும் மறைந்துவிடும், நடையும் மாறிவிடும், சோதனை முடிவுகளும் குழம்பும்.

நரம்பு நோய்போல் வேடம் போடும் நோய்களும் உண்டு. ஓய்வுக்குப் பின் கடுமையாக ஓடவிட்ட குதிரை பின்பகுதி இறுகி நகராமல் நின்று, காபி நிறத்தில் சிறுநீர் விட்டால் அது தசை சிதைவு. நான்கு குளம்பும் சூடாகி, முன்னங்காலை நீட்டி நின்றால் குளம்பு அழற்சி. முழங்கால் சில்லு பூட்டிக்கொள்வதும் பின்னங்கால் நீட்டியபடி விறைத்து நிற்க வைக்கும். சிறுநீரின் நிறத்தையும் குளம்பின் சூட்டையும் பார்த்துவிட்டுத்தான் தண்டுவடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அறிகுறி ஓரிடம், நோய் வேறிடம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கால் தளர்கிற இடத்தில் நோய் இருக்க வேண்டியதில்லை. பின்னங்கால் தடுமாறினால் இடுப்பில்தான் கோளாறு என்று நம் குதிரைக்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு கழுத்தில் இருக்கும். பின்னங்கால்களுக்குப் போகிற நரம்புப் பாதைகள் கழுத்துத் தண்டுவடத்தின் வெளிஓரமாக ஓடுகின்றன. கழுத்தெலும்பு லேசாக அழுத்தினாலும் முதலில் நசுங்குவது அவைதான். அதனால் கழுத்து நோயில் பின்னங்கால் ஒரு படி கூடுதலாகவும் முன்னங்கால் ஒரு படி குறைவாகவும் தடுமாறும். முன்னங்கால் முற்றிலும் சரியாக இருந்து பின்னங்கால் மட்டும் பாதிக்கப்பட்டால்தான் முதுகைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் பேச வேண்டும்.

ஆகவே நோயின் பெயரைத் தேடுவதற்கு முன் அது இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். தலையிலிருந்து வாலுக்குப் போவோம்.

முதலில் புத்தி. குதிரை உங்களை அடையாளம் காண்கிறதா, கொள்ளு வாசனைக்குத் திரும்புகிறதா? சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பது, ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருப்பது, வலிப்பு, காரணமில்லாமல் அடிக்கடி கொட்டாவி விடுவது எல்லாம் பெருமூளைப் பக்கம் விரல் நீட்டுகின்றன. கண்ணுக்கு நேரே கையை வேகமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். காற்று வீசாமல், முகமயிரில் படாமல், ஒவ்வொரு கண்ணாக. இமைக்காவிட்டால் பார்வை போயிருக்கலாம், அல்லது இமையை மூடும் முகநரம்பு செயலிழந்திருக்கலாம். இமையின் ஓரத்தை மெல்லத் தொட்டால் மூடிக்கொள்கிறதா என்பது இரண்டையும் பிரித்துக் காட்டும்.

அடுத்து முகம். ஒரு பக்கக் காது தொங்கி, இமை சரிந்து, உதடு கோணி, மூக்கு நல்ல பக்கம் இழுபட்டிருந்தால் முகநரம்பு கெட்டிருக்கிறது. இரவு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து கிடந்த குதிரையின் கன்னத்தில் தலைக்கயிற்றின் இரும்பு வளையம் அழுத்தினாலே இப்படி ஆகும். அப்படியானால் பெரிய பயமில்லை, நாளடைவில் தேறிவிடுவதுதான் வழக்கம். அதே முகக்கோணலோடு தலையும் ஒருபக்கம் சாய்ந்து, கண்மணி தானாக ஆடினால் உள்காதும் மூளைத்தண்டும் சந்தேகத்துக்குள் வருகின்றன. குடித்த தண்ணீரும் மென்ற புல்லும் மூக்கு வழியே வந்தால் விழுங்கும் நரம்புகள் போய்விட்டன. தலையை எதன் பக்கமாவது நீட்டும்போது மட்டும் தலை நடுங்கி, கால்களை மிகையாகத் தூக்கி வைத்து, ஆனால் வலு குறையாமல் இருந்தால் சிறுமூளை.

உடம்புக்கு வருவோம். விலாப்பக்கத்தைப் பேனா முனையால் லேசாகக் குத்திக்கொண்டே போனால், ஈ உட்கார்ந்ததுபோலத் தோல் சிலிர்த்துச் சுருங்கும். ஓரிடத்துக்குப் பின்னால் சிலிர்ப்பு நின்றுபோனால் தண்டுவடச் சேதம் அந்த மட்டத்தை ஒட்டி இருக்கலாம். கழுத்தின் ஒரு திட்டில் அல்லது முகத்தின் ஒரு பாதியில் மட்டும் வியர்த்திருப்பதும் நரம்புக் கோளாறின் குறிதான், அதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். கடைசியாக வாலைத் தூக்குங்கள். நல்ல குதிரை வாலை அழுத்திக்கொள்ளும். கயிறுபோல் தொங்கினால், ஆசனவாய் தளர்ந்திருந்தால், நிற்கும்போதே சிறுநீர் சொட்டி இரண்டு தொடைகளும் நனைந்து புண்ணாகியிருந்தால், தண்டுவடத்தின் கடைக்கோடி பாதிக்கப்பட்டிருக்கிறது.

காலில் தடுமாற்றம் இல்லாமல் வெறும் பலவீனம் மட்டும் இருக்கும் குதிரை தனி வகை. அது தெளிவாகப் பார்க்கும், பசியோடு தொட்டியருகே வரும். ஆனால் தசைகள் நடுங்கும், நிற்க முடியாமல் படுத்துக்கொள்ளும், இமையும் நாக்கும் வாலும் சேர்ந்து தளர்ந்திருக்கும். பாட்டுலிசம் என்ற விஷத்தில் இப்படித்தான் ஆகும். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல்லிலோ, செத்த எலி கலந்த தீவனத்திலோ இந்த விஷம் இருக்கலாம். ஒரு டம்ளர், சுமார் 250 மில்லி தானியத்தை வைத்தால் நல்ல குதிரை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடும். பசியிருந்தும் அதை வாயில் போட்டு வழியவிட்டுக்கொண்டு நிற்பது நாக்கும் தொண்டையும் வலுவிழந்ததற்குச் சாட்சி.

நம் பக்கத்து நோய்கள்

இடம் தெரிந்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். இணையத்தில் தேடுபவர்கள் அமெரிக்கக் குதிரைகளைத் தாக்கும் இ.பி.எம். என்ற ஒட்டுண்ணி நோயைப் பற்றியே பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வருகிறார்கள். அதைப் பரப்பும் ஒப்பொசம் என்ற விலங்கு அமெரிக்கக் கண்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் குதிரை அங்கிருந்து வந்ததாக இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவைக்கலாம்.

ரணஜன்னியை ஒதுக்கிவைக்க முடியாது. தடுப்பூசி போடாத குதிரைகளில் இன்னும் அதிகம் சாகடிப்பது இதுதான் என்பது என் கணிப்பு, அதுவும் மிகச் சுலபமாகத் தடுக்கக்கூடிய நோய் என்பதால் ஒவ்வொரு சாவும் என்னை வருத்துகிறது. ஆணி குத்திய குளம்பு, காயடித்த புண், குட்டி ஈன்ற கருப்பை, குட்டியின் தொப்புள் என்று ஏதோ ஒரு காயத்தில் கிருமி புகுந்து, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தலைகாட்டும். அதற்குள் காயம் ஆறியே போயிருக்கும். முதலில் லேசான விறைப்பு, திரும்பச் சிரமம். பிறகு நான்கு காலையும் அகட்டி மரக்குதிரைபோல் நிற்கும். காது இரண்டும் விறைத்து நெருங்கும், மூக்குத்துளை விரியும், வால் சற்றுத் தூக்கியே நிற்கும், தாடை பூட்டிக்கொள்ளும். சந்தேகம் தீர்க்க ஒரு சிறிய சோதனை போதும். தாடைக்கு அடியில் விரலால் லேசாகத் தட்டுங்கள், அல்லது பக்கத்தில் கை தட்டுங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிறிய சவ்வு ஒன்று, மூன்றாம் இமை, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சட்டென்று பாய்ந்து வந்து மெல்லப் பின்வாங்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஒருமுறைக்கு மேல் தட்ட வேண்டாம், ஒவ்வொரு சத்தமும் அதற்கு வேதனை. இதற்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை, கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறோம். பால் கொடுக்கும் பெண் குதிரையில் கால்சியம் குறைந்தாலும் விறைப்பும் நடுக்கமும் வரும். அதில் ரத்தக் கால்சியம் குறைந்திருக்கும், மருந்து ஏற்றியதும் தெளியும்.

ரணஜன்னி வந்த குதிரைக்கு இருட்டான, அமைதியான அறை, காதில் பஞ்சு, மார்பு உயரத்தில் தண்ணீரும் மெல்லச் சுலபமான தீவனமும். மீதியை மருத்துவர் பார்த்துக்கொள்வார். வராமல் தடுக்க டாக்சாய்டு ஊசி 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு முறை, பிறகு ஆண்டுக்கொரு முறை. ஊசியின் விலையையும் குதிரையின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழைக்குப் பின் கொசு பெருகும் மாதங்களில், காய்ச்சலே இல்லாமல், நேற்றுவரை ஓடிய குதிரை காலையில் பின்பகுதி ஆடிக்கொண்டு எழுந்தால், பக்கத்தில் மாட்டுத் தொழுவம் இருக்கிறதா என்று பாருங்கள். மாடு, எருமைகளின் வயிற்றறையில் அவற்றுக்குப் பெரிய தொல்லை தராமல் வாழும் செட்டாரியா டிஜிடேட்டா என்ற நூல்புழு உண்டு. அதன் குஞ்சுப் புழுவைக் கொசு குதிரைக்குக் கொண்டுவருகிறது. பழக்கமில்லாத உடம்பில் வழி தவறிய புழு தண்டுவடத்துக்குள் ஊர்ந்து கிழிக்கிறது. வடக்கே இதைக் ‘கும்ரி’ என்பார்கள். ஆடுகளுக்கும் வரும். உயிருள்ள குதிரையில் இதை நேரடியாக நிரூபிப்பது கடினம், பருவம், மாடு, கொசு, காய்ச்சலின்மை என்ற நான்கையும் சேர்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு, வயிற்றடியிலும் காலிலும் நீர்க்கோவை, தின்றும் தேயும் உடம்பு, பிறகு பின்பகுதித் தளர்ச்சி, சில நேரம் சுற்றிச் சுற்றி நடப்பது என்று வந்தால் அது சர்ரா. 1880-ல் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் நோயுற்ற குதிரை, ஒட்டக ரத்தத்தில் இதன் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். டிரிப்பனோசோமா எவான்சி என்ற பெயர் அவரால் வந்தது. ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் இதைப் பரப்புகின்றன. ஒட்டுண்ணி ரத்தத்தில் எப்போதும் தெரிவதில்லை, காய்ச்சல் ஏறியிருக்கும்போது எடுத்த ரத்தத்தில்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் தினமும் இரண்டு வேளை வெப்பம் எழுதி வைக்கச் சொல்கிறேன். 99.5 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குதிரைக்கு இயல்பு. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. குறித்து வைக்க ஒரு பள்ளி நோட்டு போதும்.

நெல்வயலும் பன்றியும் கொக்கும் உள்ள ஊர்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். இந்தியாவில் மனிதர்களிடம் இது முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூர் வட்டாரத்தில். குதிரைக்குக் கொசுக்கடியால் வரும், ஆனால் குதிரையிலிருந்து வேறு யாருக்கும் பரவாது. காய்ச்சல், மந்தம், தள்ளாட்டம், சிலவற்றில் வெறிகொண்ட ஆட்டம். வெஸ்ட் நைல் வைரஸும் இதேபோல்தான், அதில் மூக்கும் உதடும் துடிப்பது கூடுதலாகத் தெரியும். இரண்டையும் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை வைத்துப் பிரிக்கிறார்கள்.

ஒரு லாயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகள் சில நாட்களுக்குள் விழுந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். முன்னால் காய்ச்சலோ சளியோ சுற்றியதா? ஆமாம் என்றால், வால் தளர்ந்து சிறுநீர் சொட்டும் குதிரைகளில் ஹெர்பிஸ் வைரஸ்-1 முதல் சந்தேகம். 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு தாண்டல் போட்டி முகாமில் தொடங்கிய இந்த நோய், அங்கிருந்து திரும்பிய குதிரைகளோடு ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போனது. சந்தேகம் வந்த நிமிடமே லாயத்தைப் பூட்டிவிட வேண்டும், உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. மூக்குச் சளியும் ரத்தமும் பி.சி.ஆர். சோதனைக்குப் போகட்டும். இரண்டாவது கேள்வி: எல்லாம் ஒரே தீவனம் தின்றனவா? பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் ஃபுமோனிசின் என்ற நஞ்சு சேரும். அது குதிரையின் மூளையின் வெள்ளைப்பகுதியைக் கரைத்துக் கூழாக்கிவிடுகிறது. காய்ச்சலின்றித் திடீர்க் குருடு, சுவரில் முட்டல், சுற்றல், ஓரிரு நாளில் மரணம். குணப்படுத்த மருந்தில்லை. கோழித்தீவன ஆலை கழித்துவிட்ட சோளத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று குதிரைக்கு வாங்காதீர்கள். கோழி தாங்கும் அளவை இதன் மூளை தாங்காது. மீதமிருக்கும் மூட்டையைக் கொட்டிவிடாமல் ஒரு கிலோ எடுத்து வையுங்கள், சோதனைக்கு அதுதான் சாட்சி.

மேய்ச்சலில் கிலுகிலுப்பைச் செடியைத் தின்று ஈரல் கெட்ட குதிரையும் கொட்டாவி விட்டு, சுவரில் முட்டி, மூளைநோய் போலவே நிற்கும். கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்து, ஈரல் நொதிகளுக்கு ரத்தம் அனுப்பினால் விஷயம் தெரியும்.

வேகமாக வளரும் பந்தயக் குதிரைக் குட்டிகளில், ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள், கழுத்தெலும்புக் குழாய் குறுகித் தண்டுவடத்தை நசுக்குவது பழகிய கதை. ஆண் குட்டிகளில் கூடுதல். சந்தையில் குதிரை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் நாட்டியக் குதிரைகள் காலை உயர்த்தி உயர்த்தி வைப்பதைக் கூட்டம் கூடிப் பார்க்கும். அந்த நடையில் எந்தக் கோளாறும் மறைந்துவிடும். மேளத்தை நிறுத்தச் சொல்லி, சேணத்தை இறக்கி, சும்மா ஒரு சிறு வட்டம் சுற்றவும் நாலடி பின்னால் போகவும் வைத்துப் பாருங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அந்தக் குதிரை வேண்டாம். வாங்கி வந்ததையும் மூன்று வாரம் தனியாகக் கட்டி வெப்பம் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

சோதனைச்சாலைக்குப் போகும்போது

மாநிலம் முழுக்கக் கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. சிக்கலான நோய்க்கு வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் நாமக்கல் கல்லூரியும். குதிரை நோய்களுக்கென்றே ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மாதிரிகளை உங்கள் மருத்துவர் மூலம் அங்கே அனுப்பலாம்.

ரத்தம் எடுத்தால் ஒரே ஒருமுறை எடுத்ததோடு விட்டுவிடக் கூடாது. எதிர்ப்பொருள் இருப்பது பழைய தொற்றினாலும் இருக்கலாம், தடுப்பூசியாலும் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் அது நாலு மடங்கு ஏறியிருந்தால்தான் இப்போதைய நோய்க்கு அது காரணம் என்று சொல்ல முடியும். முதல் குப்பியைச் சோதனைச்சாலையில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். இடுப்பிலிருந்து எடுக்கும் மூளைத்தண்டுவட நீர் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும். மஞ்சளாகி, புரதம் ஏறி, அணுக்கள் மட்டும் ஏறாமல் இருந்தால் ஹெர்பிஸ் சந்தேகம் வலுக்கும். அணுக்களும் ஏறியிருந்தால் வேறு தொற்று. நிற்கவைத்தே எடுக்கும் கழுத்து எக்ஸ்ரே குழாயின் அகலத்தை அளக்க உதவும். அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பவர்களுக்கு மட்டும் மயக்கம் கொடுத்துச் சாயம் செலுத்தி எடுக்கும் படம். தள்ளாடும் குதிரை மயக்கம் தெளிந்து எழும்போது காலை முறித்துக்கொள்ளும் அபாயம் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதம் கொடுங்கள்.

விழுந்துவிட்டால்

படுத்த குதிரையை எழுப்ப ஆள் சேர்த்துக் கயிறு கட்டி இழுப்பது வழக்கம். இழுபட்ட கழுத்தில் இருந்த கொஞ்ச உயிரும் போய்விடும். வைக்கோலை ஓர் அடி உயரம் பரப்பி, மார்பின் மேல் நிமிர்ந்து படுக்க இரு பக்கமும் மூட்டை முட்டுக் கொடுங்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கொரு முறை பக்கம் மாற்றுங்கள். சிறுநீர் போகிறதா, லத்தி விழுகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் மருத்துவர் குழாய் வைத்து எடுக்க வேண்டும். விழுங்கத் தெரிந்தால் மட்டும் தண்ணீர்.

தானாக எழ முயல்கிற குதிரைக்கு இன்னும் நாள் கொடுக்கலாம். ஹெர்பிஸிலும் கும்ரியிலும் வாரக்கணக்கில் தேறி எழுந்தவை உண்டு. எழ முயலாமல், புண் பிடித்து, வேதனையில் காலை அடித்துக்கொள்கிற குதிரைக்கு வலியில்லாத முடிவைக் கேட்பது உரிமையாளரின் கடமை, அதைச் சொல்ல மருத்துவர் தயங்கினால் நீங்களே கேளுங்கள்.

இறந்தால் உடனே குழி தோண்ட வேண்டாம். வெறிநோய் சந்தேகம் இருந்தால் தலையை எடுத்து மூளை மாதிரி அனுப்ப மருத்துவர் ஏற்பாடு செய்யும்வரை உடலைச் சுற்றி நாய்களும் காகங்களும் வராமல் காவல் போடுங்கள். வெப்பத்தில் மூளை சீக்கிரம் அழுகிவிடும், அதனால் மாதிரி அன்றைக்கே பனிக்கட்டியில் போக வேண்டும். வெட்டுகிறவர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது. முன்னால் எழுதி வைத்த அந்தப் பெயர்ப்பட்டியலை முடிவு வருவதற்குக் காத்திராமல் அன்று மாலைக்குள் அரசு மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். தடுப்பூசி தொடங்கிய பிறகு நோய் இல்லை என்று முடிவு வந்தால் மருத்துவர் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.